தாத்தாவின் பாக்கெட் கடிகாரம்

ஷிஃப்டுக்குக் கிளம்ப மணி பார்க்க இன்று கைப்பேசி போதும். ஆனால் வீட்டு டிரங்குப் பெட்டியில் சங்கிலி கோத்த பாக்கெட் கடிகாரம் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

முகப்பில் சென்னை மவுண்ட் ரோட்டின் 'பி. ஆர் அண்ட் சன்ஸ்' பெயர் இருக்கலாம். அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர்தான். உள்ளே ஓடும் இயந்திரம் இங்கிலாந்திலோ சுவிட்சர்லாந்திலோ செய்ததாக இருக்கும். பின்மூடியின் உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் இங்கிலாந்து வெள்ளி. தலைத்திருகு இல்லாமல் சாவித் துளை மட்டும் இருந்தால், அநேகமாக 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அது ஓடிய காலத்தில் நம் ரயில்கள் 'மெட்ராஸ் நேர'த்தில் ஓடின. இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்னால். இந்திய நேரம் 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள், முத்திரை தேய்ந்துவிடும். எண்ணெய் காய்ந்த கடிகாரத்துக்குச் சாவியும் கொடுக்காதீர்கள்; முதலில் பழைய கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது.