குற்றவாளி வால்வுதானா?

எங்கள் வீட்டு வரவேற்பறையில் அப்பா இளவயதில் தம் கைப்படச் செய்த வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. இடப்பக்க ஒலிக்கு ஒன்று, வலப்பக்க ஒலிக்கு ஒன்று என இரண்டு இஎல்34 வால்வுகள். அவற்றுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய 12ஏஎக்ஸ்7. பழைய எம்.எஸ்.வி. பாடல்களை அதில்தான் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

சென்ற விடுமுறையில் அதன் வலப்பக்கம் கொரகொரத்தது. பிறகு அந்தப் பக்கத்து இஎல்34-இன் தகடு, கொல்லன் உலை இரும்புபோல் சிவந்தது. வால்வு போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதிவிட்டு, கைச்செலவுப் பணத்தில் புதிய ஜோடி வாங்கி மாட்டினேன். இரண்டே நாளில் புதியதும் சிவந்தது. அதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தேன்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். இழை சூடாக்கும் எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, நேர்மின்வாயான தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் கிரிட் என்னும் கம்பி வலை மதகுபோல நிற்கிறது. எதிர்மின்வாயைவிட அது எதிர்நிலையில் இருக்கும்வரை பாய்ச்சல் அடங்கியிருக்கும். இஎல்34-இன் தகடு 25 வாட் வரை தாங்கும். மதகு திறந்துகொண்டால் அந்த எல்லை மீறித் தகடு சிவக்கிறது.

கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டரில் அளந்து, அது வடிந்துவிட்டதை உறுதிசெய்யாமல் தொடாதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டவும் கூடாது.

வெறும் இரைச்சல் என்றால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நிறுத்தி, ஆறவிட்டு, இடது வலது வால்வுகளை ஒவ்வொரு ஜோடியாக இடம் மாற்றுங்கள். இரைச்சலும் கூடவே இடம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. மாறாவிட்டால் வால்வை விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வால்வின் ஊசிகளும் சாக்கெட்டும் கறுத்துப்போவது சகஜம். துடைத்து, நாலைந்து முறை செருகி எடுத்தாலே பாதிக் கோளாறு தீரும். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டதென்றால் மட்டும் விசாரணையே வேண்டாம். காற்று புகுந்துவிட்டது, வால்வு இறந்துவிட்டது. பென்சிலால் தட்டினால் ‘டிங்’ என்று கேட்கிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. 12ஏஎக்ஸ்7 ஓரளவு அப்படித்தான்.

தகடு சிவந்தால் இந்த இடமாற்றம் கூடாது. உடனே நிறுத்துங்கள். சாக்கெட் பக்கம் கோளாறு இருந்தால் நல்ல வால்வையும் பலி கொடுத்ததாகிவிடும். நான் செய்தது அதுதான்.

எங்கள் பெட்டியில் 12ஏஎக்ஸ்7-இன் தகட்டில் 180 வோல்ட். அது இஎல்34-இன் கிரிட்டுக்குப் போகாமல், இசை அலையை மட்டும் கடத்திவிடுவது நடுவில் உள்ள 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் வேலை. அப்பா போட்டிருந்தது பழைய காகித மின்தேக்கி. காகிதம் ஈரம் குடித்தால் கசியும். கசிந்த மின்னழுத்தம் கிரிட்டை நேர்நிலைக்குத் தள்ளி, மதகைத் திறந்துவிடும்.

இதை எப்படி உறுதிசெய்வது? அந்த ஒரு இஎல்34-ஐ மட்டும் கழற்றினோம். மின்சாரம் இல்லாதபோதே மீட்டரின் ஒரு முனையைச் சாக்கெட்டின் 5-ஆம் ஊசியிடத்திலும் மறுமுனையை பூமிக் கம்பியிலும் கவ்வவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டோம். எதிர்மின்வாய்க்கு மின்தடை போட்டுக் கிரிட்டைப் பூமியோடு இணைத்திருக்கும் எங்களுடையது போன்ற பெட்டிகளில், அங்கே ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். காட்டியது 11 வோல்ட். வால்வே இல்லாத இடத்தில் வால்வை எப்படிக் குற்றஞ்சாட்டுவது?

கோலாலம்பூர் ஜாலான் பசாரில் 630 வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் படல மின்தேக்கிகள் இரண்டு வாங்கினேன். கோழிச் சோற்றுக்கு ஆகும் செலவுகூட இல்லை. இடப்பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றினோம், அதுவும் அதே வயதுதானே. இப்போது 5-ஆம் ஊசியில் சுழியம். நான் தூக்கிப்போட இருந்த பழைய இஎல்34-ஐ அப்பா எடுத்து மாட்டினார். அது இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.