வரைபடமும் வாய்க்காலும்
நிறுவனக் கட்டமைப்பு மாதிரியுருக்கள் பயன்பாடு பெறுவது பற்றிய ஒரு நோக்கு

கந்தோர் அலுமாரிகளிலே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் வரைபடங்களுக்கும் அவை குறிக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள தூரம், மட்டக்களப்புப் பிரதேசத்து வேளாண்மைச் சமூகம் நன்கு அறிந்த ஒன்றாகும். இத்தூரம் ஏன் உண்டாகின்றது, எவ்வாறு குறையும் என்னும் வினாக்கள் நீர்ப்பாசனத்துக்கு மாத்திரம் உரியனவல்ல. இன்று பெருநிறுவனங்கள் பெரும்பொருட் செலவிலே தயாரிக்கும் ‘நிறுவனக் கட்டமைப்பு மாதிரியுருக்கள்’ பயன்படாது கிடப்பதற்கான காரணங்களையும் இவ்வினாக்களினூடாகவே விளங்கிக்கொள்ளலாம் என்பது எமது கருத்து.

நிறுவனக் கட்டமைப்பு மாதிரியுரு என்பது யாது? ஒரு நிறுவனத்திலே நடைபெறும் வேலைகள் எவை, அவற்றைச் செய்வோர் யாவர், அவர்களுக்கு வேண்டிய தகவல் எங்கிருந்து வருகின்றது, எந்தப் பொறிகளும் கணினிகளும் அதனைத் தாங்கி நிற்கின்றன, இவற்றுள் ஒன்றை மாற்றினால் வேறெவை அசையும் என்பனவற்றைத் தொடர்புபடுத்திக் காட்டும் வரைவுகளின் தொகுதியே அது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழிலே ஜோன் சாக்மன் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. 1992இல் ஜோன் சோவாவுடன் இணைந்து அவர் அதனை விரித்தபோது எது, எவ்வாறு, எங்கே, யார், எப்போது, ஏன் என்னும் ஆறு வினாக்கள் அதன் சட்டகமாயின. 1996இல் ஐக்கிய அமெரிக்கா தன் அரச நிறுவனங்கள் இத்தகைய கட்டமைப்பை உருவாக்கிப் பேணவேண்டுமெனச் சட்டமும் இயற்றியது. எனினும், சட்டம் வரைபடத்தை வரைவிக்கலாமேயன்றி, அதனை மதிக்கச் செய்ய மாட்டாது.

மதிப்பு எங்ஙனம் பிறக்கின்றது? இவ்விடத்திலே கல்லோயா அனுபவம் எமக்குக் கைகொடுக்கின்றது.

2

தமிழிலே பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை மறித்து, இங்கினியாகலையிலே அணை எழுப்பும் திட்டம் சுதந்திரத்தின் பின் இலங்கை மேற்கொண்ட முதலாவது பெரும் பல்நோக்குத் திட்டமாகும். 1949இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, ஐக்கிய அமெரிக்காவின் ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டது. அணையைக் கட்டியதும் அமெரிக்கக் கம்பனியே. அந்நாளில் இந்நிலப்பரப்பு மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல் ஆகும்.

இத்திட்டத்தின் வரைபடம் மேலிருந்து வரையப்பட்டது. கரையோரத்தை அண்டிய தாழ்நிலங்களிலே தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக வேளாண்மை செய்துவந்தனர். அவர்களிடம் நீரைப் பகிர்வதற்கான நடைமுறை ஒன்றும் இருந்தது. வட்டைவிதானை வாய்க்காலின் முறையை அறிவார். முல்லைக்காரர் எந்த வரவையில் நீர் தங்கும், எதில் வடியும் என அறிவார். இந்த அறிவு சமத்துவமான சமுதாயத்தில் பிறந்ததன்று. போடியாரின் நிலவுடைமையே அதற்கு அடித்தளம். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழக்காறுகளை ஏற்று நின்றது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வாயிலாக அந்த அடித்தளத்தையே அசைக்க முயன்றது. ஆயின், புதிய பெருந்திட்டத்தின் வரைவிலே இவ்வறிவுக்கு இடமிருக்கவில்லை. குடியேற்றமோ இனமுரண்பாட்டோடு பிணைந்தது. 1956 ஜூனிலே அப்பள்ளத்தாக்கிலே தமிழர் மீது நிகழ்த்தப்பட்ட வன்செயல்கள் அதன் கொடிய வெளிப்பாடாகும். யார் என்னும் வினாவை ஆட்சியாளருக்கேற்ப விடுத்த வரைபடம் தொழில்நுட்ப ஆவணமாக மாத்திரம் நின்றுவிடுவதில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மூன்று தசாப்தங்களுள் இடதுகரை வாய்க்கால்கள் சீரழிந்தன. கதவுகள் உடைந்தன. தலைப்பகுதியார் மிதமிஞ்சி எடுக்க, கடைப்பகுதியார் காய்ந்தனர். ஏட்டிலிருந்த வாய்க்கால் வேறு, நிலத்திலிருந்த வாய்க்கால் வேறாயிற்று.

3

1979இல் ஐக்கிய அமெரிக்க உதவியுடன் இடதுகரைப் புனரமைப்பு ஆரம்பமானது. பொறியியல் வேலை நீர்ப்பாசனத் திணைக்களத்தினது. விவசாயிகளை அமைப்பாக்கும் வேலை கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனத்தினதும் கோர்ணெல் பல்கலைக்கழகத்தினதும் ஆகும். 1981இல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகக் கிராமங்களிலே தங்கி வேலை செய்யத் தொடங்கினர். அவ்வாண்டு நீர்த்தேக்கத்திலே ஏறத்தாழக் காற்பங்கு நீரே இருந்தது.

அமைப்பாளர் கைக்கொண்ட முறை கவனத்திற்குரியது. முதலிலே யாப்பெழுதி, உத்தியோகத்தரைத் தெரிந்து, பின் வேலையைத் தொடங்கும் வழக்கத்தை அவர்கள் மாற்றினர். முதலில் வேலை, பின்னரே அமைப்பு. ஒரு வயல் வாய்க்காலைச் சேர்ந்த பத்து இருபது விவசாயிகள் கூடி, வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர்விடத் தொடங்கினர். பிரதிநிதி வாக்கெடுப்பாலன்றி ஒருமித்த சம்மதத்தால் தெரிவானார். பின்னரே கிளைவாய்க்கால், பிரதேசம், முழுத்திட்டம் என்னும் மட்டங்களுக்கு அமைப்பு விரிந்தது. தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீரைக் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கு விட்டமையை, இம்முயற்சியில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹோவ் 1992இல் வெளியிட்ட நூலிலே விரிவாகக் காட்டுகின்றார்.

எமது பொருளுக்கு மிக நெருங்கியது வாய்க்கால் நடை ஆகும். பொறியியலாளரும் விவசாயிகளும் வாய்க்கால் நீளத்துக்கும் சேர்ந்து நடந்தனர். எங்கே கரை உடைகின்றது, எந்த மதகு தவறான மட்டத்தில் இருக்கின்றது, எவர் வயலுக்கு நீர் ஏறவில்லை என்பன அவ்விடத்திலேயே பேசப்பட்டன. வரைவு, கூட்டத்திலே விவசாயிகள் முன் வைக்கப்பட்டது, திருத்தப்பட்டது. இதன்மேல் வரைபடம் எவரும் கேட்காத ஆவணமாக இருக்கவில்லை. தன் வயலுக்கு நீர் வருமா வராதா என்பது அதிலுள்ள கோட்டிலே தங்கியிருக்கும்போது, அதனை மதிக்குமாறு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. 1988இல் விவசாயிகளின் பங்குகொள்ளலுடன் கூடிய நீர்ப்பாசன முகாமைத்துவம் அரசின் கொள்கையாயிற்று.

4

இவ்வனுபவத்தின் ஒளியிலே நிறுவன மாதிரியுருக்களை நோக்குமிடத்து, மூன்று உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது: மாதிரியுரு ஒரு தீர்மானத்தோடு பிணைக்கப்படும்போதே மதிப்புப் பெறுகின்றது. நிறுவனம் முழுவதையும் வரைந்து முடித்த பின் பயன் தேடுவோர், யாப்பை முதலில் எழுதியோரை ஒப்பர். பழைய கணினி முறைமை ஒன்றை நிறுத்தினால் எந்தப் பிரிவின் வேலை தடைப்படும் என்னும் ஒரே வினாவுக்கு விடைதரும் சிறு வரைவு, எல்லாவற்றையும் காட்டும் சுவர்ப்படத்தினும் மேலானது.

இரண்டாவது: வேலையைச் செய்வோர் திருத்தக்கூடியதாக அது இருத்தல் வேண்டும். களஞ்சியக் காப்பாளருக்கும் கணக்கு எழுதுவோருக்கும் விளங்காத குறியீடுகளால் ஆன படம், பிழைபட்டாலும் எவராலும் சுட்டிக்காட்டப்படாது. திருத்தப்படாத படம் விரைவிலே பொய்யாகின்றது. ஒருமுறை பொய்யெனக் கண்டவர் மறுமுறை அதனை நாடார்.

மூன்றாவது யாதெனில், தொழிலாளர் தம் அறிவைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு என்பதாகும். முகாமையாளர் இதனைப் ‘பழைமைப் பற்று’ என்பர். 1911இல் பிரெடெரிக் ரெயிலர் வகுத்த விஞ்ஞான முகாமைத்துவம், தொழிலாளரின் கைத்திறனுள் உறைந்திருந்த அறிவைத் திரட்டி முகாமைக் கந்தோருக்குக் கொண்டுசென்றது. சிந்தித்தல் ஒருசாராருக்கும் செய்தல் மறுசாராருக்குமாகப் பிளவுண்டதை 1974இல் ஹரி பிரேவர்மன் தெளிவுற விளக்கினார். தன் வேலை முழுவதும் படத்தில் ஏறியபின் தான் வேண்டப்படாதவனாகி விடலாம் என ஒரு தொழிலாளி எண்ணினால், அவன் அறியாமையால் அவ்வாறு எண்ணவில்லை. வரலாற்றை அறிந்தே எண்ணுகின்றான்.

ஆகவே, மாதிரியுருவை நிறுவனம் மதிக்கச் செய்வது எப்படி என்னும் வினா, அந்த மாதிரியுரு எவரின் கையில் இருக்கும் என்னும் வினாவைத் தவிர்த்து விடைபெற இயலாது. கல்லோயா முயற்சியும் இவ்வகையில் முழுமையானதன்று. வாய்க்காலை அண்டிய பயிர்ச்செய்கையாளரே அதன் அடிப்படை அலகு. பிறர் வயலிலே கூலிக்கு நாற்று நடுபவளுக்கும் கதிர் அரிபவனுக்கும் அவ்வலகிலே தனியிடம் இல்லை. நீர்ப்பங்கீடு திருந்தியமையால் நிலவுடைமை திருந்தியது எனக் கூறுதல் பொருந்தாது.

எனினும், அம்முயற்சி விட்டுச்சென்ற படிப்பினை பெரிது. கந்தோரிலிருந்து வாய்க்காலுக்கு இறங்கிவந்து, சேற்றிலே நடந்து, விவசாயியின் சொல்லால் திருத்தப்பட்டபோதே வரைபடம் பயன்பொருளாயிற்று. நிறுவனக் கட்டமைப்பை வரைய முனைவோர் தம் மேசையைவிட்டு எழுந்து, வேலை நடைபெறும் இடத்திலே, அதனைச் செய்வோருடன் நடப்பார்களாயின், அவர்களின் படங்களும் அலுமாரியை விட்டு வெளியே வரும். அவ்வாறு நடக்கும்போது, படத்தால் விளையும் பயனில் அத்தொழிலாளருக்குப் பங்கென்ன என்னும் கேள்வியும் உடன் எழும். அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும் நிறுவனத்திலேதான் படம் தொடர்ந்து உண்மை பேசும்.