தோளில் தழும்பு இருந்தால் டி.பி. வராதா? திருவள்ளூர் சொன்ன பதில்!

சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள். இடது புஜத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும்.

பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. "அதான் ஊசி போட்டாச்சே, நமக்கு எங்கே டி.பி. வரப்போகுது?" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

அந்த நினைப்பு சரிதானா? இதைச் சோதித்துப் பார்த்தது லண்டனில் அல்ல, நியூயார்க்கில் அல்ல. அரக்கோணம் ரயிலில் தினமும் வந்து போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த திருவள்ளூரில்!

அங்கே பலித்தது, இங்கே?

சென்னை கிண்டியில் 1948-லேயே பி.சி.ஜி. மருந்து தயாராகத் தொடங்கிவிட்டது. நாடு முழுக்க ஊசி போட்டார்கள். எதிர்ப்பும் இருந்தது. ராஜாஜியே 1955-ல் அதை எதிர்த்து எழுதினார்.

இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு பாதுகாப்பு. அமெரிக்காவின் தென்பகுதியில் போட்டபோதோ பலன் ரொம்பக் குறைவு. ஒரே ஊசி, இரண்டு பதில். நம்ம ஊருக்கு எது?

1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு களத்தில் இறங்கியது. அப்போது திருவள்ளூர், செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஊரும் சுற்றியுள்ள 200-க்கு மேற்பட்ட கிராமங்களும் தேர்வாயின.

வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு எக்ஸ்ரே. படத்தில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை. 1971-க்குள் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு ஊசி போட்டு முடித்தார்கள்.

வெறும் ஊசி

இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. எல்லோருக்கும் போட்டது பி.சி.ஜி. அல்ல. சிலருக்கு டென்மார்க் வகை, சிலருக்குப் பிரெஞ்சு வகை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி!

ஏமாற்று வேலை இல்லை. போட்டவர், போடாதவர் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே மருந்தின் யோக்கியதை தெரியும்? யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

பிறகு இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை அதே வீடுகளின் கதவைத் தட்டினார்கள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, 15 வருஷம்! அலுக்காமல் கை நீட்டி, சளி கொடுத்து ஒத்துழைத்த அந்த ஜனங்களுக்கு ஊரில் ஒரு கல்வெட்டு வைத்தால்கூடத் தகும்.

சைபர்!

ஏழரை வருஷக் கணக்கு 1979-ல் வெளிவந்தது. டாக்டர்கள் ஆடிப்போனார்கள். நுரையீரல் டி.பி.யைத் தடுப்பதில் பி.சி.ஜி.யின் பலன் சைபர்!

15 வருஷக் கணக்கு 1999-ல் வந்தபோதும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை என்பதே முடிவு. சிறு வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் மட்டும் நூற்றுக்கு 27 என்று லேசான பலன் தெரிந்தது. அதுவும் அடித்துச் சொல்லக்கூடியதாக இல்லை.

பிடிக்காத பதில்தான். ஆனாலும் மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்களே, அது பெரிய விஷயம்.

ஏன் பலிக்கவில்லை? நம் பக்கத்து மண்ணிலும் தண்ணீரிலும் டி.பி. கிருமியின் பங்காளிக் கிருமிகள் ஏராளம். அவற்றோடு பழகிவிட்ட உடம்புக்கு ஊசி புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம்.

அப்படியானால் குழந்தைக்கு எதற்கு ஊசி என்று கேட்டுவிடாதீர்கள். பச்சைக் குழந்தைகளின் உயிரைக் குடிக்கும் மூளைக் காய்ச்சல் வகை டி.பி.யை அது தடுக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளில் தெரிந்த உண்மை. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். பெற்றோர் தவறவிடக் கூடாது.

பெரியவர்களுக்கான புது ஊசி ஒன்றின் கடைசிக் கட்டச் சோதனை 2024-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. அதிலும் ஒரு பகுதியினருக்கு வெறும் ஊசிதான்.

அதுவரை? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லை என்றால், தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம்.