மஞ்சளும் கடுக்காயும்: தகடு கூறும் சாட்சி

சாயத் தொழில் அறிந்த நமது அங்கத்தினர்களுக்குக் கடுக்காயின் குணத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த கரைசலில் தோய்த்து உலர்த்திய துணியின்மீது, வெல்ல நீரில் பல நாள் இரும்பு ஊறிய சாற்றைக் கொண்டு கோடிட்டால், அக்கோடு கருத்துவிடுகிறது. கலம்காரித் துணிகளில் நாம் காணும் கரிய கோடுகள் இவ்வாறு பிறப்பவையே. அதுபோலவே, ஆரத்திக்காக மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் அது செந்நிறம் கொள்வதை ஒவ்வொரு வீட்டிலும் கண்டிருக்கிறோம்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் வெவ்வேறாகத் தோன்றினும், இரண்டிலும் தொழிற்படுவன ஒரே குலத்துப் பொருள்கள். அவற்றைப் பீனால் வகைச் சேர்மங்கள் என்று இரசாயன நூலார் அழைப்பர். ஆறு கரி அணுக்கள் சேர்ந்த ஒரு வளையமும், அதனோடு நேராகப் பிணைந்த ஹைட்ராக்சில் என்னும் பிராணவாயு-ஹைட்ரஜன் இணையும் இக்குலத்தின் அடையாளம். கடுக்காயிலுள்ள காலிக் அமிலமும் டானின்களும், மஞ்சளிலுள்ள குர்க்குமினும், தேயிலையின் துவர்ப்பும், வெங்காயத் தோலின் நிறமும் இக்குலத்தைச் சேர்ந்தவை. இரும்போடு கூடிக் கறுத்தல், சுண்ணாம்பு போன்ற காரத்தோடு கூடி நிறம் மாறுதல் ஆகியவை இவற்றின் இயல்புகள்.

ஆயினும், நிறமாற்றம் பீனால் இருக்கிறது என்று மட்டுமே தெரிவிக்கும். எந்தப் பீனால், எத்தனை வகை, அதனோடு வேறென்ன கலந்துள்ளது என்பவற்றை அது தெரிவிக்காது. விவசாயிக்கும் நெசவாளிக்கும் நட்டம் வருவது இந்த இடத்திலேதான். நல்ல விரலி மஞ்சளை விளைவித்தவர் சந்தைக்குச் செல்லும்போது, மாவும் மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயமும் கலந்த மலிவுத் தூள் அவருடைய விலையைக் கெடுக்கிறது. மெட்டானில் மஞ்சள் உணவில் சேர்க்க அனுமதிக்கப்படாத சாயம். அவ்வாறே, மஞ்சளில் சாயமேற்றிய நூலால் நெய்தவருடைய துணிக்கு அருகில், ஆலைச் சாயம் ஏற்றிய துணியும் அதே பெயரில் விற்பனைக்கு வைக்கப்படுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றைப் பிரித்துக் காட்டும் எளிய முறையொன்று உண்டு. அதுவே மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை.

முறை தோன்றிய வரலாறு

1903ஆம் ஆண்டில், வார்சா நகரில் பணிபுரிந்த ருஷ்யத் தாவர நூலறிஞர் மிகயீல் ஸ்வெத், இலைச் சாற்றைச் சுண்ணத்தூள் நிரம்பிய கண்ணாடிக் குழாயின் வழியே இறக்கி, அதிலுள்ள நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதை எடுத்துக்காட்டினார். 1938இல் கார்கிவ் நகரத்து இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் குழாயை விடுத்து, கண்ணாடித் தகட்டின்மீது மெல்லியதாகப் பரப்பிய அலுமினாப் படலத்தில் மூலிகைச் சாறுகளைச் சோதித்தனர். 1950களின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் எகோன் ஷ்டால் தகட்டின் கனத்தையும் பூச்சையும் கருவிகளையும் ஒழுங்குபடுத்திய பிறகே இம்முறை உலகெங்கும் பரவிற்று. பூச்சு உதிராதிருக்க அவர் சிலிக்கா ஜெல்லோடு சேர்த்தது ஜிப்சம் என்னும் சாதாரணப் பொருளே.

பிரிவது எவ்வாறு?

வேட்டியின் நுனி நீரில் தோய்ந்தால் ஈரம் தானே மேலேறுகிறதல்லவா? தகட்டின் அடி கரைப்பானில் நிற்கும்போதும் அவ்வாறே திரவம் பூச்சின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. வழியில் வைத்த புள்ளியிலுள்ள பொருள்களையும் அது தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் செல்வதில்லை. சந்தைக்குச் செல்லும் வழியில் ஒவ்வொரு திண்ணையிலும் அமர்ந்து பேசுகிறவர் பின்தங்குவார். நில்லாது நடப்பவர் முந்துவார். சிலிக்காவின் மேற்பரப்பு ஹைட்ராக்சில் இணைகளைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. எனவே அதனோடு உறவு மிகுந்த பொருள் கீழேயும், உறவு குறைந்த பொருள் மேலேயும் நிற்கும்.

மஞ்சளின் நிறம் ஒரே பொருளன்று. மூன்று பொருள்களின் சேர்க்கை. குர்க்குமின், டெமெதாக்சி குர்க்குமின், பிஸ்டெமெதாக்சி குர்க்குமின் என்பன அவை. முதலாவதில் இரண்டு மெதாக்சித் தொகுதிகளும், இரண்டாவதில் ஒன்றும் உள்ளன. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. மெதாக்சித் தொகுதி தன் அருகிலுள்ள ஹைட்ராக்சிலோடு கைகோத்துக்கொள்வதால், அந்த ஹைட்ராக்சில் சிலிக்காவோடு உறவாடுவது குறைகிறது. ஆகவே குர்க்குமின் எல்லாவற்றிற்கும் மேலே ஏறும். பிஸ்டெமெதாக்சி குர்க்குமின் கீழே தங்கும். இம்மூன்று மஞ்சள் புள்ளிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றுவதே மஞ்சளின் கையொப்பம்.

செய்முறை

ஒரு கிராம் மஞ்சள் தூளைப் பத்து மில்லிலிட்டர் மெதனாலில் குலுக்கி வடிகட்டவேண்டும். சிலிக்கா பூசிய தகட்டில், அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு வரையவேண்டும். மையால் வரைதல் ஆகாது. மையே நிறம் பிரிந்து ஏறிவிடும். அக்கோட்டின்மீது, நுண்குழாயால், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு சிறு புள்ளிகள் வைக்கவேண்டும். முதலாவது தூய குர்க்குமின் மாதிரி. இரண்டாவது நமது வயலில் விளைந்து, நம் கண்முன் இடித்த மஞ்சள். மூன்றாவது ஐயத்திற்குரிய தூள். நான்காவது மெட்டானில் மஞ்சள்.

மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் தொண்ணூற்றைந்து பங்கு குளோரோபாரமும் ஐந்து பங்கு மெதனாலும் கலந்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழத்திற்கு ஊற்றவேண்டும். பாத்திரத்தினுள் ஆவி நிரம்பிய பின் தகட்டை நிறுத்தி மூடவேண்டும். திரவம் மேல்விளிம்பை நெருங்கியதும் எடுத்து, அது எட்டிய உயரத்தை உடனே குறித்து, உலர்த்தவேண்டும். குளோரோபார ஆவி நஞ்சு. ஆதலின் இது வீட்டுச் சமையலறையில் செய்யத்தக்கதன்று. காற்றுப்போக்கி அமைந்த சோதனைச்சாலையில், பயிற்சி பெற்றவரே செய்யவேண்டும்.

கரைப்பான் பத்து சென்டிமீட்டர் ஏற, ஒரு புள்ளி ஆறு சென்டிமீட்டர் ஏறியிருந்தால், அதன் ஆர்.எஃப். எண் 0.6 ஆகும். தகடும் வெப்பமும் மாறினால் இவ்வெண்ணும் சிறிது மாறும். அதனால்தான் தூய மாதிரியையும் அதே தகட்டில் பக்கத்திலேயே ஏற்றவேண்டும் என்கிறோம்.

ஐயத்திற்குரிய தூளில் மூன்று மஞ்சள் புள்ளிகளோடு, அடிக்கோட்டை ஒட்டி வேறொரு மஞ்சள் புள்ளி நின்று, மெட்டானில் மஞ்சளின் புள்ளிக்குச் சமமாக இருந்தால் கலப்படம் வெளிப்பட்டுவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டவுடன் அப்புள்ளி ஊதா கலந்த சிவப்பாக மாறுவது மேலும் ஒரு சாட்சி. நூலைச் சோதிப்பதற்கும் இதே வழிதான்: சில இழைகளைச் சூடான மெதனாலில் இட்டு, இறங்கிய சாயத்தைப் புள்ளியாக வைக்கலாம். மஞ்சள் நிறமூன்றி இன்றியே நூலில் ஏறும் சாயமாதலால் எளிதில் இறங்கிவிடும்.

நிறமற்றவற்றைக் காணல்

காலிக் அமிலம் போன்றவை தகட்டில் கண்ணுக்குத் தெரியா. அவற்றைப் பிரிக்க டொலுவீன், எதில் அசிடேட் கலவையில் சிறிது பார்மிக் அமிலம் சேர்ப்பர். அமிலம் சேராவிடில் புள்ளி வால் நீண்டு கலங்கும். பின்னர் பெர்ரிக் குளோரைடுக் கரைசலைத் தெளித்தால், காலிக் அமிலம் நின்ற இடம் நீலக்கருமையாகத் தோன்றும். அருகருகே இரண்டு ஹைட்ராக்சில்களை மட்டும் உடைய பீனால்கள் பெரும்பாலும் பசுமை காட்டும். சாயக்காரர் இரும்புச் சாற்றால் துணியில் செய்ததையே சோதனையாளர் தகட்டில் செய்கிறார். வேற்றுமை யாதெனில், இங்கே பொருள்கள் முன்னரே பிரிந்து தனித்தனியே நிற்கின்றன.

இம்முறையின் எல்லையையும் அறியவேண்டும். ஈயக் குரோமேட் என்னும் கொடிய மஞ்சள் பொடி மெதனாலில் கரையாதாகையால் தகட்டில் தோன்றாது. அதற்கு வேறு சோதனை தேவை. மாவுக் கலப்பும் புள்ளிகளை மங்கச் செய்யுமேயன்றித் தானாகத் தெரியாது. குர்க்குமின் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று துல்லியமாகக் கூறவும், புள்ளியின் அடர்த்தியை அளக்கும் கருவி வேண்டும்.

ஆயினும் தனி விவசாயிக்கு எட்டாத இச்சோதனை, சங்கமாகச் சேர்ந்தால் எட்டாததன்று. சரக்கு வெளியேறும்போது ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிறு மாதிரி எடுத்து முத்திரையிட்டு வைத்தலும், ஆய்வுக்கூடம் ஒன்றில் அதனைச் சோதிப்பித்துத் தகட்டின் படத்தை ஏட்டில் ஒட்டிவைத்தலும் நன்று. வாங்குபவர் ஐயுற்றுக் கேட்கும்போது, நம் சொல்லோடு அத்தகடும் சாட்சி கூறும்.