சம்பூரில் காளைகளை எண்ணினோம், காயங்களை யார் எண்ணுவது?

2024 ஜனவரி 6ஆம் திகதி, திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் இலங்கையின் முதலாவது ஜல்லிக்கட்டுப் போட்டி நடந்தது. அப்போதைய கிழக்கு மாகாண ஆளுநர் செந்தில் தொண்டமானின் ஏற்பாட்டில், பொங்கல் விழாவின் ஒரு பகுதியாக அது நடத்தப்பட்டது. 200இற்கும் மேற்பட்ட காளைகள், 100இற்கும் மேற்பட்ட வீரர்கள் என்று செய்திகள் சொல்லின. இது நம் பண்பாடு என்றார்கள் சிலர். இந்த மண்ணில் இல்லாத வழக்கம் எதற்கு என்று கேட்டார்கள் வேறு சிலர்.

இந்தக் கட்டுரை அந்த விவாதத்தைப் பற்றியதல்ல. ஜல்லிக்கட்டோ, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நடக்கும் மாட்டுவண்டிச் சவாரியோ, விலங்கும் மனிதரும் ஒரே களத்தில் ஓடும் எந்த விளையாட்டுக்கும் பொருந்தும் ஒரு கேள்வி இருக்கிறது. யார், எங்கே, எப்படிக் காயப்படுகிறார்கள் என்பதை எழுதி வைப்பது யார்?

இந்தக் கேள்வியை உலகில் நீண்ட காலமாகக் கேட்டுவருவது குதிரை விளையாட்டு. அங்கே கிடைத்த பாடங்கள் நமக்கும் உதவும்.

ஐந்து மரணங்களுக்குப் பிறகு

குதிரையேற்றப் போட்டிகளில் ‘ஈவென்டிங்’ என்று ஒரு வகை உண்டு. அதன் ஒரு கட்டத்தில் குதிரையும் வீரரும் வயல்வெளிகளின் ஊடாக ஓடி, அசையாத மரத்தடைகளைத் தாண்ட வேண்டும். 1999ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியாவில் இந்தப் போட்டிகளில் ஐந்து வீரர்கள் உயிரிழந்தார்கள். அதுவரை ‘ஆபத்தான விளையாட்டு, என்ன செய்வது’ என்று சொல்லப்பட்டு வந்த விடயம், அதன்பின் விசாரிக்க வேண்டிய விடயமாக மாறியது. ஹார்ட்டிங்டன் பிரபு தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. குதிரை விழாமல் தடுப்பதற்கே எல்லா முயற்சியும் செய்யப்பட வேண்டும் என்பது அதன் மையக் கருத்து.

மிக ஆபத்தானது குதிரை குத்துக்கரணம் அடிப்பதுபோல விழும் விபத்து. குதிரையின் முன்னங்கால்கள் தடையில் இடித்ததும் அதன் உடல் தடைக்கு மேலாகச் சுழன்று வீரரின் மேல் விழும். வீரருக்கு இன்னும் தடித்த தலைக்கவசம் கொடுத்தால் மட்டும் இதற்குத் தீர்வாகாது. தடைதான் மாற வேண்டும். பலமாக இடித்தால் முறிந்து, மரத்தைக் கீழே விழவைக்கும் ஆணிகள் தடைகளில் பொருத்தப்பட்டன. வீரரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஆணி வந்திருக்காது. விழுந்த இடத்தையும் விழுந்த விதத்தையும் எழுதியதால்தான் வந்தது.

சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் இன்று ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள், குதிரையே விழுந்தது எத்தனை முறை, அதில் சுழன்று விழுந்தது எத்தனை முறை என்ற எல்லாம் அதில் உண்டு. காயமே ஏற்படாத விழுகையும் எண்ணப்படுகிறது. அயர்லாந்தைச் சேர்ந்த ஈக்விரேட்டிங்ஸ் நிறுவனம், ஒரு குதிரையின் முந்தைய ஓட்டங்களை வைத்து அதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுக்கும் முறையை உருவாக்கியது. சிவப்பு என்றால் அந்தத் தரப் போட்டிக்கு அந்தக் குதிரை இன்னும் தயாரில்லை என்று பொருள்.

குதிரைப் பந்தயத்திலும் இப்படித்தான். வட அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு முதல் பந்தயக் குதிரைகளின் காயங்களுக்கென ஒரு தரவுத்தளம் இருக்கிறது. 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 குதிரைகள் ஓட்டக் காயத்தால் இறந்தன. 2022இல் அது 1.25 ஆகக் குறைந்தது. எந்த வகைத் தரையில் அதிகம் இறக்கின்றன, முன்பு காயப்பட்ட குதிரைக்கு அபாயம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அந்தத் தரவு விடை தந்தது.

‘ஆயிரம் ஓட்டங்களுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘பத்துப் பேர் காயம்’ என்ற செய்தியை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. 50 காளைகளுக்குப் பத்தா, 800 காளைகளுக்குப் பத்தா? கீழே வகுக்கும் எண் இல்லாமல் மேலே உள்ள எண்ணுக்குப் பொருள் இல்லை.

தமிழ்நாடு காட்டும் இடம்

தமிழ்நாட்டில் 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு மாநில அரசு சட்டம் திருத்தியது. அந்தத் திருத்தத்தை 2023 மே 18ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. 2017இல் வந்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி, காளைக்கு மருத்துவப் பரிசோதனை, பார்வையாளரைப் பிரிக்கும் தடுப்பு வேலி எல்லாம் கட்டாயம்.

ஆனாலும் 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்று மட்டும் தமிழ்நாட்டில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் காளை அடக்க இறங்கிய வீரர்கள் அல்லர், காளை உரிமையாளர்களும் பார்வையாளர்களும்தான். இரண்டு காளைகளும் இறந்தன.

இந்த ஒரு தகவலே நம் பார்வையைத் திருப்பிவிடுகிறது. ஜல்லிக்கட்டின் ஆபத்து என்றால் வாடிவாசலையும் திமிலைப் பிடிக்கும் இளைஞனையும்தான் நினைக்கிறோம். புகைப்படங்களும் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. ஆனால் களத்தைத் தாண்டி ஓடிய காளையை உரிமையாளர் பிடிக்கும் இடத்தையும், வேலிக்கு வெளியே கூட்டம் நிற்கும் இடத்தையும் யாரும் படம் எடுப்பதில்லை. இறந்தவர் யார், நின்ற இடம் எது என்று எழுதினால்தான் அடுத்த வேலியை எங்கே போடுவது என்று தெரியும்.

ஒன்றும் நடக்கவில்லை என்பது பாதுகாப்பு அல்ல

‘போன முறை ஒரு பிரச்சினையும் வரவில்லையே’ என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வதுண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காளையை அவிழ்த்துவிடும்போது உயிரிழப்பு நேரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 200 காளைகளை அவிழ்த்துவிட்ட பிறகும் உயிரிழப்பு எதுவும் நேராமல் போட்டி முடிவதற்கு ஏறத்தாழ 82 வீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது, ஆபத்தான ஒரு களம்கூட ஐந்து முறையில் நான்கு முறை பாதுகாப்பானதாகவே தோன்றும்.

அதனால்தான் குதிரை விளையாட்டில் காயமற்ற விழுகையையும் எண்ணுகிறார்கள். வேலி ஆடியது, காளை கூட்டத்துக்குள் பாய்ந்து யாரையும் முட்டாமல் திரும்பியது, அம்புலன்ஸ் போகும் வழியில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன என்பவை எல்லாம் மரணத்துக்கு முன்பே வரும் தகவல்கள்.

பதிவு என்றால் பயப்படும் ஊரில்

சம்பூரில் இதற்கு வேறொரு சிக்கலும் உண்டு. 2006இல் மாடு கன்றையும் விட்டுவிட்டு ஓடிய மக்கள், முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பத்தாண்டு அளவில் காத்திருந்து, 2015இலும் 2016இலும்தான் தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். அந்தக் காலம் முழுக்கப் பெயர்ப்பட்டியல் என்பது நமக்கு நல்ல செய்தியாக வந்ததில்லை. யாரோ ஒருவர் வந்து பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம் எழுதிக்கொண்டு போனால், அது எங்கே போகும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அதே வேளை, எண்ணப்படாத இழப்புக்கு யாரும் பொறுப்புச் சொல்வதில்லை என்பதையும் நம்மைவிட அறிந்தவர்கள் குறைவு.

ஆகவே என்ன எழுதுவது என்பதைப்போல, யார் வைத்திருப்பது என்பதும் முக்கியம். பாதுகாப்புக் கணக்குக்குப் பெயர் தேவையில்லை. ‘பார்வையாளர், ஆண், 40 வயதளவில், காளை வெளியேறும் பாதையில், வயிற்றில் காயம்’ என்பது போதும். சிகிச்சைக்கான பெயர் வைத்தியசாலையோடு நிற்கட்டும். எண்கள் மட்டும் ஊருக்குத் தெரியட்டும்.

ஒரு கொப்பி போதும்

இதற்குக் கணினியோ பெரிய செலவோ வேண்டாம். அடுத்த போட்டிக்கு அனுமதி கேட்கும் நேரத்தில் ஊர்ச் சங்கங்களும் பெற்றோரும் கேட்கக்கூடியவை இவை:

1. எத்தனை காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன? எத்தனை பேர் களத்தில் இறங்கினார்கள்?

2. ஒவ்வொரு காயமும் யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நேர்ந்தது? வாடிவாசலா, களமா, வெளியேறும் பாதையா, காளை பிடிக்கும் இடமா?

3. காயமின்றித் தப்பிய சம்பவங்கள் எவை?

4. காளைகளுக்கு நேர்ந்த காயங்கள் என்ன? கால்நடை வைத்தியர் போட்டிக்கு முன்பும் பின்பும் பார்த்தாரா?

5. காயப்பட்டவர் வைத்தியரிடம் போய்ச்சேர எத்தனை நிமிடம்? சம்பூர் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது. திருகோணமலை நகரம் குடாவுக்கு அந்தப் பக்கம். தரைவழியாகக் குடாவைச் சுற்றித்தான் போக வேண்டும். இந்த எண் இங்கே உயிரைத் தீர்மானிக்கும்.

6. ஒரு வாரம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? வைத்தியசாலையில் பிறகு நேரும் மரணம் போட்டி நாள் செய்தியில் வராது.

இதை எழுதுகிறவர் போட்டியை நடத்துகிறவராக இருக்கக் கூடாது. ஒரு பாடசாலை ஆசிரியரும், முதலுதவி தெரிந்த இரண்டு பேரும் வெவ்வேறு இடங்களில் கொப்பியோடு நின்றால் போதும். முடிந்ததும் பிரதேச சபை அதை ஒரு பக்கமாக்கி அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். மூன்று நான்கு ஆண்டுகள் இப்படி எழுதினால், இந்த விளையாட்டு நமக்கு வேண்டுமா என்ற விவாதத்தைக்கூட உணர்ச்சியை மட்டும் வைத்து நடத்த வேண்டியிருக்காது. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசலாம்.

200 காளைகள் என்று எண்ணிச் சொல்ல நம்மால் முடிந்தது. காளை பிடிக்கும் இடத்தில் விழுந்த மனிதரையும் அதே கவனத்தோடு எண்ண முடியும். அவரை எண்ணிய பிறகுதான் அங்கே ஒரு வேலி வரும்.