ஜன்னல் துடைத்தவர் வாசித்த எட்டு நிமிடம்

1992 டிசம்பர் 23, காலை நேரம். அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரின் 'மார்னிங் எடிஷன்' செய்தி நிகழ்ச்சியில், செய்திகளுக்கு நடுவே மெல்லிய குரல் ஒன்று ஒலிக்கத் தொடங்கியது. நியூயார்க்கின் மேசீஸ் பேரங்காடியில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எடுபிடியாக, பச்சை வெல்வெட் உடை மாட்டிக்கொண்டு நின்ற கதையை அது வாசித்தது. வேடத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கிரம்பெட்'. அது ஒரு ரொட்டியின் பெயர். அந்த வேலைக்கு மனுப் போட்டபோது ஆளுக்கு வயது 33!

குரலுக்குச் சொந்தக்காரர் டேவிட் செடாரிஸ். அந்தப் பெயரை அன்றுவரை யாரும் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. பிழைப்பு, நியூயார்க்கில் வீடுகளைச் சுத்தம் செய்வது. முன்பு சிகாகோவில் ஒரு கிளப்பில் தன் நாட்குறிப்பை அவர் வாசித்ததைக் கேட்டிருந்த வானொலிக்காரர் ஐரா கிளாஸ்தான் அவரை ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்தார். வாசித்தது எட்டு நிமிடம் இருக்கும். அழுகிற குழந்தையைத் தாத்தா மடியில் திணித்து, புகைப்படத்துக்காக 'சிரி, சிரி' என்று மிரட்டும் பெற்றோர்களை அவர் திட்டவில்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நடுவில் பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் குரலில் இழுக்கிறார் மனிதர். அச்சில் இதைப் படித்தால் புன்னகைதான் வரும். காதில் விழுந்தால்தான் வெடிச்சிரிப்பு.

அந்தக் குரலுக்கு ஒரு முன்கதை உண்டு. பள்ளியில் அவருக்கு 'ஸ்' ஒலி சரியாக வராது. திருத்துவதற்காக வகுப்பிலிருந்து தனியே அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். பையனோ, அந்த ஒலி வரும் சொற்களையே தவிர்த்துப் பேசப் பழகினான். ஆங்கிலத்தில் அவருடைய குடும்பப் பெயரே அந்த எழுத்தில் தொடங்கி அதிலேயே முடிவது தனிக் கொடுமை! வளர்ந்த பிறகும், தொலைபேசியில் பேசினால் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். இதையும் அவர் கட்டுரையாக்கிவிட்டார்.

வாசிக்கும்போது அவர் சிரிப்பதில்லை. சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, சொல்பவர் மட்டும் உர மூட்டை விலையை அறிவிக்கிற தொனியில் பேசிக்கொண்டிருப்பார்.

சரி, இது பிறவி வரமா? செடாரிஸின் பென்சிலைக் கேட்க வேண்டும். அச்சுக்குப் போகாத கட்டுரைகளோடு ஊர் ஊராகப் போய் அரங்குகளில் வாசிப்பார். கையில் பென்சில் இருக்கும். எங்கே சிரிப்பு எழுகிறது, எங்கே அமைதி, எங்கே இருமுகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வார். இருமல் கேட்டால் அந்தப் பத்தி நீள்கிறது என்று அர்த்தம். இரவே விடுதி அறையில் திருத்தி, மறுநாள் வேறு ஊரில் மறுபடி வாசிப்பார். பத்திரிகை ஆசிரியருக்கு முன்பே பல நூறு பேர் அதைத் திருத்தியிருப்பார்கள், தங்களுக்கே தெரியாமல். 2010 முதல் பிபிசி ரேடியோ 4-இல் வந்த அவருடைய தொடரும் பார்வையாளர்கள் முன்னால் பதிவானதுதான்.

சிக்கலும் வந்தது. 2007-இல் 'தி நியூ ரிபப்ளிக்' இதழ், இவர் 'நடந்தது' என்று எழுதியவற்றில் எவ்வளவு நடந்தது என்று துருவியது. 2012-இல் ஐரா கிளாஸின் வானொலி நிகழ்ச்சியான 'திஸ் அமெரிக்கன் லைஃப்', மைக் டெய்சி என்ற கலைஞர் சீன ஆலைகளைப் பற்றிச் சொன்னதில் பொய் கலந்திருந்ததால் அந்த ஒலிபரப்பையே திரும்பப் பெற்றது. அதன் பிறகு செடாரிஸின் நகைச்சுவைக்கும் உண்மை சரிபார்ப்பு. ஆலைத் தொழிலாளியின் காயத்தில் பொய் கலப்பதும், அப்பா அடித்த கூத்தைக் கொஞ்சம் ஊதிச் சொல்வதும் ஒன்றா? இல்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் செய்தி அறிக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னால், இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

அந்த எட்டு நிமிடம் ஒலிபரப்பான பின்பு புத்தக வாய்ப்பு வந்தது. 1994-இல் 'பேரல் ஃபீவர்' வெளியானது. ஆனால் 1993 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' அவரைப் பற்றி எழுதியபோது, 'இவர் வானொலியும் செய்வார், ஜன்னலும் துடைப்பார்' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தது. அப்போதும் அவர் வீடுகளைச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்.