பட்டியல் அமைப்பு விளைவு

பட்டியல் அமைப்பு விளைவு என்பது, ஒரு சொல் எந்தச் சொற்களுடன் சேர்த்துப் படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் நினைவு மாறுவதைக் குறிக்கும். ஒன்றை எத்தனை முறை படித்தோம் என்பதோடு, எதனுடன் படித்தோம் என்பதும் முக்கியம் என்பதே இதன் சாரம்.

ஆய்வுகள்

ஒரே வகைப் பொருள்களின் நடுவே வேறுபட்ட ஒன்று இருந்தால் அது எளிதில் நினைவுக்கு வரும். இதை 1933இல் எட்விக் வான் ரெஸ்டார்ஃப் ஆராய்ந்தார். 1953இல் வெஸ்டன் பௌஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் விலங்கு, ஆட்பெயர், தொழில், காய்கறி ஆகிய 4 வகைகளைச் சேர்ந்த 60 சொற்களைக் கலைத்துக் கொடுத்தார். கேட்டவர்களோ அவற்றை வகை வகையாகவே திரும்பச் சொன்னார்கள்.

பழக்கமான சொற்கள் மட்டும் கொண்ட பட்டியல், அரிய சொற்கள் மட்டும் கொண்ட பட்டியலைவிடப் பொதுவாக நன்கு நினைவில் நிற்கும். இரண்டையும் கலந்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் குறைந்துவிடும்.

பொய் நினைவு

பட்டியலின் ஒற்றுமை தவறுக்கும் வழிவகுக்கும். 1995இல் ஹென்றி ரோடிகர், கேத்லீன் மெக்டெர்மாட் ஆகியோர் கட்டில், ஓய்வு, கனவு போன்ற சொற்களைப் படித்துக் காட்டினர். பட்டியலில் இல்லாத ‘தூக்கம்’ என்ற சொல்லையும் கேட்டதாகப் பலர் உறுதியாகக் கூறினர்.

எடுத்துக்காட்டு

தருமபுரி மாவட்டத்தின் 7 வட்டங்கள் தருமபுரி, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகும். இவற்றை ஒரே தொகுப்பாகப் படிக்கும் மாணவர் ஒரு பெயரைக் கொண்டு அடுத்ததை நினைவுகூரலாம். ஆனால் தேர்வில் ‘ஒகேனக்கல்’ ஒரு விடையாகக் கொடுக்கப்பட்டால், அதே மாவட்டத்தின் புகழ்பெற்ற ஊர் என்பதால் அதையும் வட்டம் என்று எண்ண வாய்ப்புண்டு. ஒகேனக்கல் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஊர்.

நிகண்டுகள்

தமிழில் சொற்பட்டியல்களை மனப்பாடத்துக்கு ஏற்ப அமைக்கும் வழக்கம் பழமையானது. திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என வகைப்படுத்துகிறது. விருத்தப்பாக்களால் ஆன சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களை எதுகை வரிசையில் தருகிறது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். வகையும் ஓசையும் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தன.

கற்றலில் பயன்

புதிதாகப் படிக்கும்போது வகைப்படுத்துவது உதவும். திருப்பிப் பார்க்கும்போது, குழப்பம் தரும் பெயர்களை அருகருகே வைத்து வேறுபாட்டைச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பட்டியலில் உள்ளவற்றுடன், அதில் சேராதது எது என்பதையும் அறிந்திருந்தால் பொய் நினைவைத் தவிர்ப்பது எளிதாகும்.